பத்து பதினொன்று என்றால் எந்த மாசம்?

தேதியை எப்படி எழுதினால் என்ன, புரிஞ்சா போதாதா என்று கேட்கிறவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. புரியவில்லை என்பதுதான் பிரச்சினையே. திரையில் 10/11 என்று வந்தால் அது நவம்பர் பத்தா, அக்டோபர் பதினொன்றா? நம்ம ஊரில் யாரைக் கேட்டாலும் நவம்பர் பத்து என்பார்கள். அமெரிக்காவில் கேட்டால் அக்டோபர் பதினொன்று. ரெண்டு பேரும் அவரவர் ஊருக்குச் சரி. இடையில் இருக்கிற மென்பொருள்தான் யாருக்குக் காட்டுகிறோம் என்றே தெரியாமல் காட்டிக்கொண்டிருக்கிறது.

நான் மென்பொருள் எழுதுகிற ஆள் இல்லை. கணக்கு எழுதுகிற ஆள். நாள் முழுக்க எக்செல் கட்டங்களோடு குடும்பம் நடத்துகிறவன். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் பொழுது போகாமல் கட்டற்ற மென்பொருள் சிலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு செய்வதுண்டு. ரெண்டு பக்கமும் இந்தத் தேதி விவகாரம் என்னைத் துரத்துவதால் கொஞ்சம் விவரமாகவே புலம்புகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. லீப் இல்லாத ஒரு வருஷத்தின் 365 தேதிகளையும் நம்ம வழக்கப்படி நாள்/மாதம் என்று வரிசையாக எக்செல்லில் அடிக்கிறீர்கள். கணினியின் பிராந்திய அமைப்பு அமெரிக்காவாக இருக்கிறது. என்ன ஆகும்? 13 முதல் 31 வரை உள்ள நாட்களை அது தேதி என்றே ஒத்துக்கொள்ளாது, ஏனென்றால் 13-வது மாதம் என்று ஒன்று கிடையாது. வெறும் எழுத்தாக இடது ஓரம் ஒட்டிக்கொண்டு நிற்கும். அப்படி 221 நாட்கள். மிச்சம் 144. அதில் 1/1, 2/2 மாதிரி எப்படிப் படித்தாலும் ஒன்றாக வருகிறவை 12. பாக்கி 132 நாட்கள் சத்தமே இல்லாமல் மாதமும் நாளும் இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும். சிவப்புக் கோடு கிடையாது, எச்சரிக்கை கிடையாது. வலது ஓரத்தில் சமர்த்தாக, சரியான தேதி மாதிரியே நிற்கும்.

அந்த 221 பற்றி எனக்குக் கவலையே இல்லை. அது கண்ணில் படுகிற தப்பு, திருத்திவிடலாம். 132 தான் ஆளைக் கொல்லும். பில் தேதி, செக் தேதி, கடன் தவணை என்று எல்லாவற்றிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தப்பாகி, மற்றவை சரியாகத் தெரிந்தால் நீங்கள் எதைச் சந்தேகப்படுவீர்கள்? தப்பு மொத்தமாக வந்தால் மாட்டிக்கும். நல்லதோடு கலந்து வந்தால் மாட்டாது.

"இதெல்லாம் கணக்குப்பிள்ளை கவலை" என்பவர்களுக்கு, படித்த விஞ்ஞானிகள் பட்ட பாட்டைச் சொல்கிறேன். மனித மரபணுக்களில் சிலவற்றுக்கு மார்ச்1, செப்ட்1 என்ற எழுத்துகளில் குறியீட்டுப் பெயர்கள் இருந்தன. அவற்றை எக்செல்லில் அடித்தால் மார்ச் முதல் தேதி, செப்டம்பர் முதல் தேதி என்று அதுவே மாற்றிவிடும். 2016-ல் வந்த ஓர் ஆய்வு, மரபணுப் பட்டியலை எக்செல் கோப்பாக இணைத்திருந்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்த மாதிரி கோளாறு இருப்பதாகச் சொன்னது. கடைசியில் என்ன செய்தார்கள் தெரியுமா? 2020-ல் மரபணுக்களுக்கே பெயரை மாற்றிவிட்டார்கள்! செப்ட்1 என்பது செப்டின்1 ஆனது. தானாக மாற்றுவதை நிறுத்தி வைக்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் 2023-ல்தான் கொடுத்தது. செருப்பு கடிக்கிறது என்று காலை வெட்டிக்கொண்ட கதை.

இப்போது நம்ம வீட்டுக் கதை ஒன்று. என் தங்கச்சிக்கு 2022 ஜூலை 5-ஆம் தேதி குழந்தை பிறந்தது. தனியார் கிளினிக் ஒன்றில் தடுப்பூசி. அவர்களுடைய செயலியிலிருந்து நினைவூட்டல் செய்தி வரும். ஆறாவது வாரத்துக்கு 08/16 என்று வந்தது. பத்தாவது வாரத்துக்கு 09/13. இரண்டையும் ஒரே விதமாகத்தான் படிக்க முடியும் என்பதால் யாருக்கும் உறுத்தவில்லை. பதினாலாவது வாரத்துக்கு 10/11 என்று வந்தது. மாப்பிள்ளை அதை நவம்பர் பத்து என்று படித்து, சமையலறைக் காலண்டரில் பேனாவால் வட்டம் போட்டு வைத்துவிட்டார். அவர் செய்ததில் என்ன தப்பு? பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாளிலிருந்து கரும்பலகையின் மூலையில் அப்படித்தானே தேதி எழுதிப் படித்தோம்?

அக்டோபர் கடைசியில் எங்கள் தெருவுக்கு வந்த சுகாதார செவிலியர் அக்கா குழந்தையைக் கொஞ்சிவிட்டு, "மூணாவது ஊசி போட்டாச்சா?" என்று கேட்டார். "அடுத்த மாசம் பத்தாம் தேதி" என்றாள் தங்கச்சி. அந்த அக்கா விரலை மடக்கி வாரக்கணக்கு போட்டுப் பார்த்து, "இல்லையேம்மா, தாண்டிப் போச்சே" என்றார். மறுநாள் காலையிலேயே ஓடினார்கள். தாமதமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்பதால் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றைக்கு ராத்திரி என் தங்கச்சி அழுத அழுகை இருக்கிறதே... கைக்குழந்தைக்காரியிடம் "நீ தேதியைத் தவறவிட்டாய்" என்று அர்த்தம் வருகிற மாதிரி ஒரு தப்பை மென்பொருள் செய்கிறது, பழி மட்டும் வீட்டில் இருப்பவர்கள் மேல் விழுகிறது. கிளினிக்கில் போய்ச் சொன்னபோது வரவேற்பில் இருந்த பெண் நிதானமாகச் சொன்னார்: "சார், சிஸ்டம்ல அப்படித்தான் வரும்."

அது ஏன் அப்படி வருகிறது என்று பார்த்தால் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் கணினியையும் போனையும் ஆங்கிலத்தில்தான் வைத்திருக்கிறோம். அந்த ஆங்கிலம் பெரும்பாலும் 'ஆங்கிலம் (அமெரிக்கா)' ஆக இருந்துவிடுகிறது. மொழியைத் தேர்ந்தெடுத்தால் நாட்டின் வழக்கமும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. மொழி வேறு, ஊர் வேறு. இங்கிலீஷில் படிப்பதாலேயே நான் டெக்சாஸ்காரன் ஆகிவிட மாட்டேன் :-) 'ஆங்கிலம் (இந்தியா)' என்று ஒன்று எல்லா முக்கியமான இயங்குதளங்களிலும் இருக்கிறது. அதில் நாள்தான் முன்னால் வரும். அமைப்புகளில் போய் மொழிக்கும் பிராந்தியத்துக்கும் இந்தியா என்று மாற்ற ரெண்டு நிமிஷம் ஆகாது. இதைப் படிக்கிறவர்கள் இப்போதே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், நான் எங்கேயும் போகமாட்டேன்.

வலைப்பக்கங்களில் தேதி நிரப்பச் சொல்லி ஒரு சின்னக் கட்டம் வருமே, அது தனிக் கூத்து. பக்கம் தமிழிலேயே இருந்தாலும் குரோம் மாதிரி உலாவிகள் அந்தக் கட்டத்தைத் தங்கள் சொந்த மொழி அமைப்பின்படிதான் காட்டும். அதனால் சுத்தத் தமிழ்ப் பக்கத்தில் கூட மாதம் முன்னால் வந்து நிற்கும். ஒரே விண்ணப்பத்தை நிரப்பும் அண்ணனுக்கு ஒரு மாதிரி, தம்பிக்கு வேறு மாதிரி தெரியும்.

சரி, போனையே தமிழுக்கு மாற்றிவிட்டால்? அங்கே வேறு வகைக் கூத்து.

வார நாட்களுக்குச் சுருக்கம் வேண்டும். ஆங்கிலத்தில் முதல் எழுத்தை வெட்டினால் வேலை முடிந்தது. அதே கத்தியைத் தமிழில் வைத்தால் என்ன ஆகிறது பாருங்கள். நம் கண்ணுக்கு 'செ' ஒரே எழுத்து. கணினியின் சேமிப்பிலோ அது முதலில் ச, அடுத்து எகரக் கொம்பு. திரையில் கொம்பு முன்னால் தெரிந்தாலும் உள்ளே ச தான் முதலில் நிற்கும். ஆகவே 'முதல் எழுத்தை' மட்டும் வெட்டி எடுத்தால் ஞாயிறு முதல் சனி வரை கிடைப்பது இதுதான்: ஞ, த, ச, ப, வ, வ, ச. ரெண்டு வ, ரெண்டு ச. வியாழனா வெள்ளியா? செவ்வாயா சனியா? இந்த வரிசையை நான் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். நம்ம ஊர்த் தினசரிக் காலண்டர் அச்சடிக்கிறவர் யாராவது இப்படி அச்சடித்தால் சிவகாசியிலேயே உதை விழும். உயிர்மெய்யை முழுசாக எடுத்தால் ஞா, தி, செ, பு, வி, வெ, ச என்று ஏழும் தனித்தனியாக, அழகாக வந்துவிடுகிறது. இதற்குத் தமிழ்ப் புலவர் வேண்டாம், ரெண்டாம் வகுப்புப் பிள்ளை போதும்.

மாதங்களுக்கு மூன்று எழுத்து வெட்டு. அதே கத்திதான். மார்ச் 'மார' ஆகும், ஜூலை 'ஜூல' ஆகும், நவம்பர் 'நவம' ஆகும். (நவம்பர் என்ற பெயரே லத்தீனில் ஒன்பதிலிருந்து வந்தது, வடமொழியில் நவம என்றாலும் ஒன்பதாவது. ஆக அது ஒன்று மட்டும் தெரியாத்தனமாகச் சரியாகிவிட்டது!)

இந்த விவரங்களையெல்லாம் ஒவ்வொரு செயலிக்காரரும் தனித்தனியாக எழுதுவதில்லை. யூனிகோடு அமைப்பு 2004 முதல் பராமரித்து வரும் சி.எல்.டி.ஆர். என்கிற பொதுத் தரவுக் களஞ்சியம் ஒன்று இருக்கிறது. எந்த மொழியில், எந்த நாட்டில், தேதி எப்படி, நேரம் எப்படி, வாரம் எந்தக் கிழமையில் தொடங்கும் என்பதெல்லாம் அதில் உண்டு. ஆண்ட்ராய்டு, ஐபோன், குரோம், பயர்பாக்ஸ் எல்லாம் அதிலிருந்துதான் எடுக்கின்றன. லினக்ஸின் அடித்தளத்தில் இதற்கென்று இன்னொரு தனிப் பட்டியலும் உண்டு. தமிழுக்கு மேலே சொன்ன ஞா, தி, செ வரிசை சி.எல்.டி.ஆரில் சரியாகவே இருக்கிறது. குறை சொல்ல மட்டும் வரவில்லை நான், நல்லதையும் சொல்லணும்.

ஆனால் அதிலும் இடிக்கிற இடங்கள் உண்டு. நடுத்தர நீளத் தேதி '11 அக்., 2022' என்ற வடிவில் இருக்கிறது. சுருக்கத்துக்கு ஒரு புள்ளி, உடனே ஒரு காற்புள்ளி. எந்தத் தமிழன் இப்படி எழுதுகிறான்? 'அக்டோபர் 11, 2022' என்று எழுதுவோம், '11 அக்டோபர் 2022' என்று எழுதுவோம். இந்தப் புள்ளி-காற்புள்ளி ஜோடி கட்சிக் கொடியில் கூட கிடையாது.

அதைவிட முக்கியம், குறுகிய வடிவத்துக்குச் சாய்கோடு வைத்திருப்பது. நம்ம அரசாணையை எடுத்துப் பாருங்கள், 'நாள்: 11.10.2022' என்று புள்ளி வைத்துத்தான் இருக்கும். கல்யாணப் பத்திரிகை, பஞ்சாயத்துத் தீர்மானம், பத்திரம் எதை எடுத்தாலும் புள்ளிதான் அதிகம். என் கட்சி இதுதான்: தமிழுக்கு, குறைந்தது தமிழ்நாட்டுத் தமிழுக்கு, குறுகிய தேதி புள்ளியோடுதான் வரவேண்டும். வெறும் அழகுக்காகச் சொல்லவில்லை. சாய்கோடுதான் அமெரிக்காவுக்கும் நமக்கும் பொதுவானது, குழப்பமே அந்தக் கோட்டில்தான் பிறக்கிறது. புள்ளி போட்டு எழுதும் ஜெர்மனி, ரஷ்யா எல்லாம் நாளைத்தான் முன்னால் வைக்கின்றன. 10.11 என்று வந்திருந்தால் மாப்பிள்ளை போட்ட வட்டம் தப்பாகியிருக்காது என்று சொல்லமாட்டேன். ஆனால் அப்படி ஒரு வடிவத்தைத் தேர்ந்தெடுத்த மென்பொருள், நாளை முன்னால் வைக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே அறிந்திருக்கும். அமெரிக்க வடிவம் வேஷம் போட்டுக்கொண்டு உள்ளே வரமுடியாது.

நேரத்துக்கு வருவோம். பல செயலிகள் ராத்திரி ஒன்பதே காலை 'பிற்பகல் 9:15' என்று காட்டுகின்றன. மணிக்கு முன்னால் பொழுதை வைத்தது சரி, நாம் பேசுவதும் அப்படித்தான். ஆனால் பிற்பகல் ஒன்பதா? கடைசிப் பஸ் போன பிறகும் பிற்பகலா? நம்மிடம் அதிகாலை, காலை, மதியம், மாலை, இரவு என்று அருமையான சொற்கள் இருக்கின்றன. அவை களஞ்சியத்திலும் இருக்கின்றன, 'அந்தி மாலை' கூட இருக்கிறது. (டென்டிஸ்டிடம் அந்தி மாலைக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்குவதை நினைத்தால் சிரிப்பு வருகிறது, அது வேறு விஷயம்.) செயலி எழுதுகிறவர்கள்தான் அந்தச் சொற்களைக் கேட்டு வாங்குவதில்லை, ஆங்கிலத்துக்கு இருக்கிற ரெண்டே ரெண்டு பெட்டியை அப்படியே வைத்துக்கொள்கிறார்கள்.

மொழிபெயர்ப்பு செய்யும்போது என்னைக் கடுப்பேற்றும் இன்னொன்று, ஒட்டு வேலை. மாதத்தின் பெயர் ஒரு பக்கமிருந்து வரும், அதற்குப் பின்னால் 'இல்' என்று நாங்கள் ஒட்டவேண்டும். விளைவு: அக்டோபர்இல், மார்ச்இல், ஜூலைஇல். தமிழில் அது அக்டோபரில், மார்ச்சில், ஜூலையில். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகப் புணரும். எல்லாவற்றுக்கும் பொருந்தும் வழி ஒன்றுதான், 'அக்டோபர் மாதத்தில்' என்று நடுவில் ஒரு சொல்லைப் போட்டுவிடுவது. இடம் போதாது, பொத்தான் நீளமாகிறது என்று நிரலாளர் தம்பிகள் முனகுவார்கள். முனகட்டும்.

இந்தியாவோடு முடிந்துவிடுகிற கதையும் இல்லை. இலங்கையில் அது தேதியே இல்லை, திகதி. அங்கே பெப்ரவரி, யூலை, ஒக்டோபர். யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் போனைத் தமிழில் வைத்துவிட்டு, "இது எங்கட தமிழ் இல்லை" என்று சொல்லித் திரும்ப ஆங்கிலத்துக்கே மாற்றிக்கொண்டார். 'தமிழ் (இலங்கை)' என்று பட்டியலில் பெயர் இருந்தால் போதாது, உள்ளேயும் அவர்கள் தமிழ் இருக்கவேண்டும். மலேசியாவில் வார விடுமுறையே மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. கெடாவில் வெள்ளி, சனி. ஜொகூரில் 2025 ஜனவரி 1 முதல் மறுபடி சனி, ஞாயிறு. நாட்டுக்கு ஒரே விதி என்று எழுதி வைத்த மென்பொருள் சுங்கை பட்டாணியில் இருக்கும் தமிழருக்கு ஞாயிற்றுக்கிழமையைச் சிவப்பில் காட்டி ஏமாற்றும். நமக்கு? களஞ்சியத்தில் இந்தியாவின் வார விடுமுறை ஞாயிறு ஒரு நாள்தான். சரிதான், ஆனால் 2015 செப்டம்பர் முதல் ரெண்டாவது, நாலாவது சனி வங்கி கிடையாது என்பது அதற்குத் தெரியாது. அது தெரிந்திருக்கணும் என்று நான் கேட்கவும் இல்லை, அதற்குத்தான் சுவரில் காலண்டர் தொங்குகிறதே.

"இத்தனை வருஷம் ஓடிப்போச்சு, இப்போ மாத்தினா எல்லாம் உடைஞ்சிடும்" என்று ஒரு கட்சி உண்டு. அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. 2022-ல் வந்த சி.எல்.டி.ஆர். 42-இல், ஆங்கில நேரத்தில் எண்ணுக்கும் ஏ.எம்., பி.எம்.முக்கும் நடுவில் இருந்த சாதாரண இடைவெளியை எடுத்துவிட்டு உடையாத குறுகிய இடைவெளி ஒன்றை வைத்தார்கள். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் திரையில் காட்டிய நேரத்தைத் திரும்பப் படித்துப் புரிந்துகொள்ள முயன்ற நிரல்கள் பல இடங்களில் படுத்துவிட்டன. குரோம் அவசரமாகப் பழைய இடைவெளிக்கே திரும்பியது. ஆனால் இதில் யார் மேல் தப்பு? காட்டுவதற்காக எழுதியதைக் கணக்குக்காகப் படித்தவர் மேல்தானே? உள்ளே சேமிக்க ஐ.எஸ்.ஓ. 8601 என்று 1988-லேயே வந்த முறை இருக்கிறது: 2022-10-11, ஆண்டு, மாதம், நாள். உள்ளே அதை வைத்துக்கொள், வெளியே ஆளுக்குத் தக்கபடி காட்டு. வெளியே காட்டியதை மறுபடி உள்ளே இழுக்காதே. இதைப் பின்பற்றிய மென்பொருள் எதுவும் அன்று உடையவில்லை.

திருத்துவதற்கு வழி இருக்கிறது, ஆனால் பொறுமை வேண்டும். சி.எல்.டி.ஆருக்கு என்று ஓர் இணையக் கருவி இருக்கிறது. அது திறந்திருக்கும் காலத்தில் பரிந்துரை செய்யலாம், வாக்களிக்கலாம். தனி ஆளின் வாக்குக்கு எடை குறைவு, உறுப்பு நிறுவனங்கள் அனுப்பும் ஆளுக்கு எடை அதிகம். அதனால்தான் நான் கத்துகிறேன். சம்பளத்துக்கு மொழிபெயர்க்கிறவர் அன்றாடம் எந்தத் தேதி வடிவத்தையும் கவனிக்க நேரமில்லாமல் ஓட்டுப் போட்டுவிட்டுப் போனால், அதுதான் கோடிக்கணக்கான போன்களில் போய் உட்காரும். அங்கே மாறி, அது நூலகத்துக்கு வந்து, அதிலிருந்து இயங்குதளத்துக்கு வந்து, அப்புறம்தான் உங்கள் கைக்கு. பழைய போனுக்கு வராமலே போகலாம். அதுவரைக்கும் செயலி எழுதுகிறவர்களுக்கு ஒரே ஒரு விண்ணப்பம்: ஊசி, ஆபரேஷன், வழக்கு, வாய்தா, தவணை சம்பந்தப்பட்ட எந்தச் செய்தியிலும் மாதத்தை எண்ணில் அனுப்பாதீர்கள். 'அக்டோபர் 11, செவ்வாய்' என்று எழுத்தில் அனுப்புங்கள். கிழமையும் சேர்ந்திருந்தால் ஒன்று தப்பானாலும் இன்னொன்று காட்டிக்கொடுத்துவிடும்.

அந்தக் கிளினிக்குக்கு இதையே மின்னஞ்சலில் எழுதியிருந்தேன். மூன்று மாதம் கழித்து ஒன்பதாம் மாத ஊசிக்கான செய்தியில் மாதம் எழுத்தில் வந்தது. என் கடிதம்தான் காரணமா, வேறு யாராவது சண்டை போட்டார்களா என்று கேட்டுக்கொள்ளவில்லை. தங்கச்சி அதை எனக்கு முன்னனுப்பி, கீழே ஒரு சிரிப்புப் பொம்மை போட்டிருந்தாள்.

குறுகிய வடிவத்துக்குப் புள்ளி என்ற பரிந்துரையை அடுத்த முறை கருவி திறக்கும்போது போடப்போகிறேன். அதற்கு முன்னால் இலங்கை நண்பர்கள் ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போங்கள்: ஒக்டோபரா, ஒக்ரோபரா? ரெண்டையும் அச்சில் பார்த்திருக்கிறேன். ஒன்றைத்தான் போட முடியும், நான் போட்டுவிட்டு உங்களிடம் அடி வாங்க முடியாது :-)